‘அட் த ரேட்’டும் ‘ஷை’யும்

இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்கிறீர்கள். உங்களுக்கு முன்னால் ஒரு பெரியவர். கணினிக்கு முன் இருக்கும் பெண் அவருடைய மின்னஞ்சல் முகவரியைக் கேட்கிறார். பெரியவர் சட்டைப் பையிலிருந்து மடித்த சீட்டை எடுக்கிறார். பேரன் எழுதிக் கொடுத்தது. பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்கிறார், பிறந்த வருஷத்தைச் சொல்கிறார், பிறகு கொஞ்சமும் தடுமாறாமல் “அட் த ரேட்” என்கிறார். அந்தப் பெண்ணும் தடுமாறாமல் @ என்று தட்டுகிறார். எதன் ரேட், என்ன ரேட் என்று இருவருமே கேட்டுக்கொள்வதில்லை.

ஓர் அமெரிக்கரிடம் இப்படிச் சொன்னால் விழிப்பார். அவருக்கு அது வெறும் ‘அட்’. ஆனால் நாம் சொல்வது தப்பு இல்லை, பழசு. கணினி வருவதற்கு முன் @ கணக்குப் புத்தகத்துக்குள் மட்டும் குடியிருந்த குறி. ‘10 மூட்டை @ ரூ. 900’ என்று எழுதினால் மூட்டை ஒன்றுக்கு 900 ரூபாய் வீதம் பத்து மூட்டை என்று பொருள். இந்த ‘வீதம்’தான் ‘அட் த ரேட்’. மற்ற நாடுகள் பலவற்றில் அந்தக் குறி வேலை மாறி மின்னஞ்சலுக்குப் போனபோது பழைய பெயரை உதறிவிட்டது. நம் ஊரில் உதறவில்லை. ஓய்வுபெற்று இருபது வருஷம் ஆனாலும் தெருவில் ‘போஸ்ட்மாஸ்டர் வீடு’ என்றே சொல்கிறோமே, அது மாதிரி.

இதே குறிக்கு நம்மிடம் இன்னொரு வேலையும் உண்டு. காவல் நிலைய முதல் தகவல் அறிக்கையையோ நீதிமன்ற அழைப்பாணையையோ பார்த்தவர்களுக்குத் தெரியும்: ‘குமார் @ குட்டி’ என்றிருக்கும். ‘என்கிற’ என்று வாசிக்க வேண்டும். கணக்குப்பிள்ளையிடம் விலை, போலீஸ்காரரிடம் பட்டப்பெயர், பெரியவரின் சீட்டில் முகவரி. ஒரே சுழிக்கு மூன்று பொருள், மூன்றும் இன்றைக்கும் புழக்கத்தில்.

எழுத்தும் இல்லாமல் எண்ணும் இல்லாமல் விசைப்பலகையில் இடம்பிடித்திருக்கும் இந்தக் குறிகளில் பெரும்பாலானவற்றின் கதை ஒரே மாதிரிதான் தொடங்குகிறது. அவசரமாக எழுதும் ஒரு கை அடிக்கடி வரும் சொல்லைச் சுருக்குகிறது. சுருக்கம் சுழியாகிறது. காலப்போக்கில் சொல் மறந்துபோகிறது, சுழி நிற்கிறது. சொல் இல்லாத சுழி ஆள் இல்லாத வீடு மாதிரி. யார் வேண்டுமானாலும் குடியேறலாம்.

@ குறியையே எடுத்துக்கொள்வோம். 1536 மே 4 அன்று பிரான்செஸ்கோ லாபி என்ற பிளாரன்ஸ் வணிகர் ஸ்பெயினின் செவில் நகரத்திலிருந்து ரோமுக்கு ஒரு கடிதம் எழுதினார். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த கப்பல்களைப் பற்றிய வியாபாரக் கடிதம். அதில் திராட்சை மதுவின் விலையைச் சொல்லும் இடத்தில் @ இருக்கிறது. அங்கே அதற்குப் பொருள் ‘அம்ஃபோரா’, அதாவது இரண்டு கைப்பிடி வைத்த மண்சாடி, அந்தச் சாடி கொள்ளும் அளவு. நம் ஊரில் படி என்றால் பாத்திரமும் அதுதான், அளவும் அதுதான் அல்லவா? அம்ஃபோராவும் அப்படியே. ஜோர்ஜோ ஸ்தாபிலே என்ற இத்தாலியப் பேராசிரியர் இந்தக் கடிதத்தை 2000ஆம் ஆண்டில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்னரும் இந்த வடிவம் ஐரோப்பியக் கையெழுத்துச் சுவடிகளில் உண்டு. 1345ஆம் ஆண்டின் பல்கேரியச் சுவடி ஒன்றில் ‘ஆமென்’ என்ற சொல்லின் முதலெழுத்தை இப்படி அலங்காரமாகச் சுழித்திருக்கிறார்கள். ஆனால் அது அழகுக்கு. காசுக் கணக்கில் அது வந்தது வணிகர்களால்.

ஸ்பானிய மொழியில் இன்றும் @ குறிக்குப் பெயர் ‘அரோபா’. அது ஓர் எடை: 25 ஸ்பானிய ராத்தல், சுமார் பதினொன்றரைக் கிலோ. ‘கால் பங்கு’ என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. நம் பழைய மதராஸ் மணங்கும் 25 ராத்தல்தான். தற்செயல் ஒற்றுமைதான் என்றாலும் இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க எனக்குப் பிடித்திருக்கிறது. மணங்கு நம்மிடம் போய்விட்டது, அரோபா போகவில்லை. பிரேசிலில் இறைச்சி மாட்டுக்கு இன்றைக்கும் அரோபாக் கணக்கில்தான் விலை. அதை 15 கிலோ என்று வசதியாக முழுமையாக்கிக்கொண்டார்கள்.

இப்படி மதுச்சாடியிலும் மாட்டுச் சந்தையிலும் இருந்த குறி கணினிக்கு வந்தது தட்டச்சுப் பொறியின் தயவால். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கத் தட்டச்சுப் பொறிகளில் இடம் கிடைத்தது; வாங்குகிறவர்கள் வியாபாரிகள், அவர்களுக்கு ‘வீதம்’ வேண்டியிருந்தது. தட்டச்சுப் பொறியில் இருந்ததால் கணினிக் குறியீட்டுப் பட்டியலான ஆஸ்கியிலும் 1963இல் சேர்ந்தது. ஆனால் கணினிக்காரர்களுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. அப்படி ஓரமாக உட்கார்ந்திருந்ததே அதன் அதிர்ஷ்டம்.

1971. ரே டாம்லின்சன் என்ற பொறியாளர், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குச் செய்தி அனுப்பும் நிரல் எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு கணினிகளும் ஒரே அறையில்தான் இருந்தன. ஆள் பெயரையும் கணினிப் பெயரையும் பிரிக்க நடுவில் ஒரு குறி வேண்டும். அந்தக் குறி யாருடைய பெயரிலும் வரக் கூடாது. டெலிடைப் இயந்திரத்தின் விசைப்பலகையை ஒருமுறை பார்த்தார். @ இருந்தது. ‘இன்னார், இன்ன இடத்தில்’ என்ற பொருளும் ஆங்கிலத்தில் தானாகப் பொருந்திவந்தது. யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. முதல் செய்தியில் என்ன எழுதினார் என்பது அவருக்கே பின்னாளில் நினைவில்லை.

ஒரே ஒரு சிக்கல். அக்காலத்தில் மல்டிக்ஸ் என்ற இயக்க முறைமை இருந்தது. அதில் @ என்று தட்டினால் ‘இந்த வரி முழுக்கத் தப்பு, அழித்துவிடு’ என்று அர்த்தம். மல்டிக்ஸ்காரர் ஒருவர் நண்பரின் முகவரியைத் தட்டத் தட்ட, @ வந்ததும் அதுவரை தட்டியதெல்லாம் காலி. ஒரு கணினியில் முகவரி, இன்னொரு கணினியில் அழிப்பான். அந்த முறைமையில் # குறியும் அழிப்பான்தான். அது ஒரே ஓர் எழுத்தை மட்டும் அழிக்கும்.

மின்னஞ்சல் பரவியதும் ஒவ்வொரு நாடும் இந்த வால் வைத்த எழுத்தைப் பார்த்துத் தனக்குத் தெரிந்ததைச் சொன்னது. இத்தாலியருக்கு நத்தை. டச்சுக்காரருக்குக் குரங்குவால். ரஷ்யருக்கு நாய். டேனிஷ்காரருக்குத் தும்பிக்கை வைத்த எழுத்து. ஹங்கேரியருக்குப் புழு. கிரேக்கருக்கு வாத்துக்குஞ்சு. செக் நாட்டவர் ஊறவைத்துச் சுருட்டிய மீன் துண்டின் பெயரை வைத்தார்கள். இஸ்ரேலில் ஆப்பிள் வைத்துச் சுருட்டிய பலகாரத்தின் பெயர். நமக்கு ஜாங்கிரி என்று சொல்லத் தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை, ஏனென்றால் நம்மிடம் ‘அட் த ரேட்’ ஏற்கெனவே இருந்தது. 2010இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் @ குறியைத் தன் வடிவமைப்புத் தொகுப்பில் சேர்த்துக்கொண்டது. விலை கொடுக்கவில்லை. யாருக்குச் சொந்தம் என்று கொடுப்பது?

& குறியின் பிறப்பில் இவ்வளவு குழப்பமில்லை. லத்தீனில் ‘உம்’ என்பதற்கு ‘எத்’ என்ற இரண்டெழுத்துச் சொல். அந்த இ எழுத்தும் டி எழுத்தும் ஒட்டிக்கொண்டு பிறந்தது இது. வெசுவியஸ் எரிமலை கி.பி. 79இல் மூடிப்போட்ட பொம்பேயி நகரத்துச் சுவர்க் கிறுக்கல்களிலேயே இந்த ஒட்டெழுத்து இருக்கிறது. அதே ‘எத்’துக்கு இன்னொரு சுருக்கமும் ரோமில் இருந்தது: ஏழு போல ஒரு கோடு, ⁊. அரசியல்வாதியும் பேச்சாளருமான சிசரோவுக்கு எழுத்தராக இருந்த டிரோ என்பவரின் பெயரால் வழங்கும் சுருக்கெழுத்து முறையைச் சேர்ந்தது. ஐரோப்பா முழுக்க அது செத்துப்போய், அயர்லாந்தில் மட்டும் இன்றும் பெயர்ப் பலகைகளில் உயிரோடு இருக்கிறது. ரோமானியர் ஆளவே ஆளாத நாடு அது.

& குறியின் ஆங்கிலப் பெயரான ‘ஆம்பர்சாண்ட்’ எப்படி வந்தது என்பது பள்ளிக்கூடக் கதை. ஆங்கிலக் குழந்தைகள் அகரவரிசையை ஒப்பிக்கும்போது இசட்டுக்குப் பிறகு இதையும் ஓர் எழுத்தாகச் சேர்த்துச் சொல்வார்கள். ‘தனியாக நின்றால் அண்டு’ என்பதை லத்தீன் கலந்து ‘அண்டு பெர் சே அண்டு’ என்று சொல்ல வேண்டும். நூறு குழந்தைகள் ஒரே ராகத்தில் வேகமாகச் சொல்லும்போது அது என்ன ஆகும்? ஆம்பர்சாண்ட் ஆனது. 1830களில் அது அகராதிக்குரிய சொல்லாகவே மாறிவிட்டது. ஒரு குறியை வாசித்த விதமே புதுச் சொல்லாவது ஆங்கிலத்தில் மட்டும் நடந்த அதிசயம் இல்லை. நம் சார்பதிவாளர் அலுவலகத்திலும் நடந்திருக்கிறது. அங்கே கடைசியில் போவோம்.

# குறிக்குத் தராசிலிருந்து தொடங்க வேண்டும். லத்தீனில் ‘லிப்ரா’ என்றால் தராசு. ராசிகளில் துலாம் அதுதான். ஒரு நிறைக்கும் அதே பெயர். நம் ‘துலாம்’ என்ற சொல்லும் தராசுக்கும் நிறைக்கும் பொதுவாக இருந்ததுதான். இந்த லிப்ராவிலிருந்து எல், பி என்ற இரண்டெழுத்துச் சுருக்கம் ராத்தலுக்கு, அதாவது பவுண்டு எடைக்கு, வந்தது. சுருக்கம் என்று காட்ட எழுத்துகளின் மேல் ஒரு குறுக்குக்கோடு போடுவது ஐரோப்பிய எழுத்தர் வழக்கம். அதை அவசரத்தில் எழுதி எழுதி, இரண்டு நேர்க்கோடும் இரண்டு குறுக்குக்கோடுமாக # ஆனது. அமெரிக்கர்கள் இன்றும் இதைப் ‘பவுண்டுக் குறி’ என்பது அதனால்தான். வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்தின் பண அடையாளமான £ குறியும் அதே லிப்ராவின் முதலெழுத்துதான். இரண்டும் உடன்பிறந்தவை. அமெரிக்கர் ‘பவுண்டை அழுத்துங்கள்’ என்றால் ஆங்கிலேயர் பணத்தைத் தேடுவார். ராத்தல் தமிழ்நாட்டில் பேச்சிலிருந்து போய்விட்டது. இலங்கைத் தமிழர் பேக்கரியில் ‘ஒரு ராத்தல் பாண்’ என்று இன்றும் கேட்கிறார்கள்.

இதற்கும் விசைதான் மறுபிறவி கொடுத்தது, இந்த முறை தொலைபேசியில். அமெரிக்காவின் பெல் நிறுவனம் 1963 நவம்பரில் பொத்தான் தொலைபேசியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதில் பத்தே பொத்தான்கள். 1968இல் பூஜ்யத்தின் இரு பக்கமும் * குறியையும் # குறியையும் சேர்த்தார்கள். எதற்கு? பின்னாளில் எதற்காவது ஆகும் என்றுதான். நிலமாக வாங்கிப் போட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்மில் பலருக்கு # முதலில் பழக்கமானது ப்ரீபெய்டு சிம் கார்டில் பாக்கி எவ்வளவு என்று பார்த்தபோது: ஸ்டாரில் தொடங்கி, எண்ணைத் தட்டி, ஹேஷில் முடிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அந்த இரண்டு குறிகளையும் தெரிந்துவைத்திருந்தார்கள்.

1988இல் தொடங்கிய ஐ.ஆர்.சி. என்ற இணைய அரட்டை முறையில் அறைகளின் பெயருக்கு முன்னால் # போடுவது வழக்கம். அந்தப் பழக்கத்திலிருந்து எடுத்து, 2007 ஆகஸ்ட் 23 அன்று கிறிஸ் மெசினா என்பவர் ட்விட்டரில் ஒரு யோசனை சொன்னார்: ஒரே விஷயத்தைப் பேசுகிறவர்கள் சொல்லுக்கு முன் # போட்டால் என்ன? அந்த நிறுவனம் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதே வருஷம் அக்டோபரில் கலிபோர்னியாவில் காட்டுத்தீ பரவியபோது மக்கள் செய்தி திரட்ட அதைப் பயன்படுத்தினார்கள். 2009இல் ட்விட்டரே ஹேஷ்டேகைச் சொடுக்கும் இணைப்பாக மாற்றியது. இன்று போராட்டத்துக்கும் ஹேஷ்டேக், பட வெளியீட்டுக்கும் ஹேஷ்டேக். ராத்தல் எங்கே, டிரெண்டிங் எங்கே!

ஸ்டாருக்கு இவர்கள் எல்லோரையும் விட வயது அதிகம். இது வணிகர் வீட்டுப் பிள்ளையும் இல்லை, புலவர் வீட்டுப் பிள்ளை. எகிப்தின் அலெக்சாண்டிரியா நூலகத்தில் ஹோமரின் காவியங்களுக்குப் பல ஓலைகள் இருந்தன (பாப்பிரஸ் சுருள்களைத்தான் நம் பாஷையில் ஓலை என்கிறேன்). ஒன்றில் இருக்கும் வரி இன்னொன்றில் இல்லை. பழந்தமிழ்ச் சுவடிகளைப் பதிப்பித்த உ.வே.சா. பிரதிகளை ஒப்பிட்டுப் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இந்தத் தலைவலி புரியும். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அந்த நூலகத்துக்குப் பொறுப்பாக இருந்த செனொடோட்டஸ், இடைச்செருகல் என்று தான் சந்தேகித்த வரிகளுக்கு ஓரத்தில் ஒரு சிறு கோடு போட்டார். வரியை அடிக்கவில்லை, ‘எனக்கு ஐயம்’ என்று மட்டும் குறித்தார். அந்தக் கோட்டுக்குக் கிரேக்கத்தில் பெயர் ‘ஓபெலோஸ்’, இறைச்சி சுடும் கம்பி. அடுத்த நூற்றாண்டில் வந்த அரிஸ்டார்க்கஸ், ஒரே வரி இரண்டு இடங்களில் வந்தால் அதைக் காட்ட ‘அஸ்டெரிஸ்கோஸ்’, குட்டி நட்சத்திரம் போட்டார்.

அந்தச் சந்தேகக் கம்பி பிறகு போன பாதை விசித்திரமானது. ஒரு கிளை கத்தி வடிவமாகி † ஆனது. அச்சுப் புத்தகங்களில் நட்சத்திரத்துக்கு அடுத்த அடிக்குறிப்புக்கு அதுதான். ஜெர்மானிய நூல்களில் ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் வந்தால் அவர் இறந்துவிட்டார் என்று பொருள். இன்னொரு கிளை மேலும் கீழும் புள்ளி வைத்துக்கொண்டது: ÷. அதை 1659இல் யோஹான் ரான் என்ற சுவிட்சர்லாந்துக் கணிதர் தன் அல்ஜீப்ரா புத்தகத்தில் வகுத்தலுக்கு எடுத்துக்கொண்டார். டென்மார்க், நார்வே பக்கத்தில் அதே குறியைக் கழித்தலுக்குப் பயன்படுத்தினார்கள். ‘இந்த வரியை நீக்கலாம்’ என்று சொன்ன கோட்டுக்குக் கழித்தல்தான் நெருக்கமான வேலை என்று எனக்குப் படுகிறது. ஆனால் நம் நான்காம் வகுப்புக் கணக்குப் புத்தகம் ரான் பக்கம்.

நட்சத்திரமோ விளம்பரங்களில் ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்ற பூச்சி எழுத்துக்குக் காவல் நிற்கிறது. இன்னொரு பயன்பாட்டைக் கவனித்தீர்களா? வாட்ஸ்அப்பில் ‘நேற்று வருகிறேன்’ என்று தவறாக அனுப்பிவிட்டு, அடுத்த வரியில் ‘*நாளை’ என்று அனுப்புகிறோம். பிழை திருத்த நட்சத்திரம். யாரும் சொல்லிக் கொடுக்காமலே அலெக்சாண்டிரியாவுக்குத் திரும்பிப் போயிருக்கிறோம்.

மொய் நோட்டையும் காசோலையையும் பாருங்கள். ‘ரூ. 501/-’. அந்தச் சாய்கோடும் சிறுகோடும் எதற்கு? ‘பின்னால் யாரும் எண் சேர்த்துவிடாமல் இருக்க’ என்பார்கள். பயன் அதுதான், பிறப்பு வேறு. பழைய ஆங்கிலேயக் கணக்கில் பவுண்டு, ஷில்லிங், பென்னி என்று மூன்று நிலை. ஷில்லிங்குக்கு அடையாளம் சாய்கோடு. ஷில்லிங்கின் முதலெழுத்தான எஸ் அக்காலத்தில் நீளமாக எழுதப்பட்டு, அது தேய்ந்து கோடானது என்பது வழக்கமான விளக்கம். ‘5/-’ என்றால் ஐந்து ஷில்லிங், பென்னி ஏதுமில்லை. அந்தச் சிறுகோடு ‘ஒன்றுமில்லை’ என்பதற்கு. ஆங்கிலேயர் 1971இல் ஷில்லிங்கையே கைவிட்டார்கள். நாம் 1957இல் அணாவைக் கைவிட்டோம். ஷில்லிங் புழங்காத ஊரின் கல்யாண மண்டபத்தில் ஷில்லிங் கோடு மட்டும் பத்திரமாக இருக்கிறது.

நம் கணக்குப்பிள்ளைகளும் கை அவசரத்தில் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. வருஷம், மாதம், தேதி ஆகிய மூன்றும் ஒவ்வொரு ஓலையிலும் ஒவ்வொரு பத்திரத்திலும் வரும். அவற்றைச் சுழித்துச் சுழித்து ௵, ௴, ௳ ஆக்கினார்கள். பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, ரூபாய்க்கு ௹, எண்ணுக்கு ௺, மேற்படிக்கு ௸. லாபியின் மதுச்சாடி மாதிரியே இவையும் கணக்கில் பிறந்தவை.

அச்சு வந்தபோது சிக்கல் தொடங்கியது. எல்லா அச்சகத்திலும் இந்தச் சுழிகளுக்கு ஈய எழுத்து இல்லை. அச்சுக் கோப்பவர் என்ன செய்வார்? பெட்டியில் இருப்பதில் எது ஒத்திருக்கிறதோ அதை எடுத்துப் போடுவார். ௵ பார்வைக்கு ளு போல; ௴ மீ போல; ௳ உ போல. அதனால் பழைய புத்தகங்களின் முகப்பில் ‘விகிர்தி ளு, சித்திரை மீ, 10 உ’ என்ற மாதிரி வரிகளைப் பார்க்கலாம். விஷயம் தெரியாமல் வாசித்தால் ஏதோ மந்திரம் மாதிரி இருக்கும். இந்த ‘உ’வின் பாடுதான் பெரும்பாடு. உயிரெழுத்தும் அதுதான், தமிழ் எண் இரண்டும் ஏறக்குறைய அந்த வடிவம்தான், தேதிச் சுழிக்கு மாற்றும் அதுதான், கடிதத்தின் தலையில் போடும் பிள்ளையார் சுழியும் அதுதான்.

ஆங்கிலத்திலும் இதே கூத்து நடந்தது. ‘த’ ஒலிக்குப் பழைய ஆங்கிலத்தில் þ என்று தனி எழுத்து இருந்தது. ஆரம்பகால அச்சகங்களுக்கு எழுத்துகள் ஐரோப்பியக் கண்டத்திலிருந்து வந்தன. அங்கே அந்த எழுத்து இல்லை. கையெழுத்தில் அதை ஒத்திருந்த ‘ஒய்’யைப் போட்டார்கள். ‘தி’ என்பது அச்சில் ‘யீ’ ஆகிவிட்டது. பழமை காட்டும் கடைப் பலகைகளில் இன்றும் ‘யீ ஓல்டு’ என்று எழுதி, அப்படியே வாசிக்கவும் செய்கிறார்கள். ‘தி’யை அப்படி உச்சரித்த ஆங்கிலேயர் அந்தக் காலத்தில் யாரும் இருந்ததில்லை.

நம் ‘யீ’தான் ‘ஷை’. வீட்டுப் பத்திரம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ‘ஷை சொத்தில்’, ‘ஷெ நபர்’, ‘ஷெயார்’ என்று வரும். கிரந்த எழுத்து இருப்பதால் வடமொழி என்று நினைப்போம். அகராதியில் தேடினால் அலைச்சல்தான் மிஞ்சும். அது ‘மேற்படி’யின் சுருக்கமான ௸. அதன் கொம்பும் வளைவும் ஷை போலத் தெரிந்ததால் ஷை என்று எழுதினார்கள், எழுதியதால் ஷை என்று வாசித்தார்கள், வாசித்ததால் ‘ஆர்’ விகுதி சேர்த்து மரியாதையும் கொடுத்தார்கள்: ஷெயார், அதாவது மேற்படியார். வேறெங்கும் புழங்காமல் முத்திரைத்தாளில் மட்டும் வாழும் சொல் இது.

ரூபாய்க்கு இன்று இருக்கும் ₹ குறி இந்த வகையில் சேராது. இது அவசரக் கை தந்ததல்ல, போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்தது. வடிவமைத்தவர் தமிழ்நாட்டுக்காரரான த. உதயகுமார், தமிழ் அச்செழுத்துகளின் தொடக்ககால வரலாற்றை ஆராய்ந்தவர். தேவநாகரி ‘ர’வையும் ரோமன் ‘ஆர்’ எழுத்தையும் ஒன்றாக்கிய அந்த வடிவத்தை மத்திய அமைச்சரவை 2010 ஜூலை 15 அன்று ஏற்றது. ஏற்றார்களே தவிர, எந்த விசைப்பலகையிலும் அது இல்லை. உடனே சிலர் ஓர் எழுத்துரு செய்து, யாரும் தொடாத ` என்ற சாய்ந்த ஒற்றைக்குறியின் விசையில் ரூபாயை உட்காரவைத்தார்கள். அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் ரூபாய். இல்லாத கணினியில் திறந்தால் ‘` 500’. அக்காலக் கோப்புகளிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் இன்றும் அந்தக் கொசு மாதிரிக் குறி வந்து உட்காரும். அதே 2010 அக்டோபரில், உலக மொழிகளுக்கான கணினிக் குறியீட்டுப் பட்டியலான யூனிகோடு முறையான இடம் கொடுத்தது. 2025 மார்ச்சில் தமிழ்நாடு அரசு தன் வரவு செலவுத் திட்ட இலச்சினையில் ₹ இருந்த இடத்தில் ‘ரூ’ என்று போட, அது தேசிய விவாதமானது. தமிழின் பழைய ரூபாய்ச் சுழியான ௹ அந்த விவாதத்தின் மையத்துக்கு வரவில்லை.

அதற்கும் யூனிகோடில் இடம் இருக்கத்தான் செய்கிறது. ௳ முதல் ௺ வரை எட்டுக் குறிகளும் 2003இல் சேர்ந்துவிட்டன, ₹ குறிக்கு ஏழு வருஷம் முன்னதாகவே. முந்திரி போன்ற பின்னங்களும் வேறு பழங்குறிகளுமாக 51 குறிகள் 2019இல் சேர்ந்தன. உங்கள் கைப்பேசி ௸ குறியைக் காட்டும். ஆனால் தட்டத்தான் விசை எங்கே என்று தேட வேண்டும். 1971இல் டாம்லின்சன் தேட வேண்டியிருக்கவில்லை.

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஆவண எழுத்தர்களின் கடைகளில் இப்போது ஓலையும் இல்லை, ஈய எழுத்தும் இல்லை, கணினியும் பிரிண்டரும்தான். உண்மையான ௸ அந்தக் கணினிக்குள்ளேயே கிடக்கிறது. தட்டுகிறவர் முதலில் ‘ஷ்’ தட்டுகிறார், அடுத்து ‘ஐ’ தட்டுகிறார். எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் வாசித்தும் காட்டுகிறார்: “ஷை சொத்தின் கிழக்கே…” வாங்குகிறவர் தலையாட்டுகிறார். மின்னஞ்சல் ஐ.டி. கேட்டதும் அவரும் சீட்டை எடுக்கிறார்.